சோப்புத்தூளுக்குப் பின்னால் இருந்த புட்டி

அன்புள்ள எலோடிக்கு,

இங்கே நானும் அப்பாவும் சுகம். அப்பாவின் முழங்கால் மட்டும் மழைக்கு முந்தின நாளே சேதி சொல்லிவிடுகிறது. நீயும் கிரஹாமும் எப்படி இருக்கிறீர்கள், வான்கூவரில் மழை பிடித்துக்கொண்டதா, ஈரத் தலையோடு வேலைக்கு ஓடும் பழக்கத்தை விட்டாயா. இன்று காலை எழுந்ததும், காபிகூடப் போடாமல், நான் முதலில் செய்த காரியம் கீழ்த்தளத்துக்குப் போய்ச் சோப்புத்தூள் டப்பாவுக்குப் பின்னால் கைவிட்டு ஒரு புட்டியைத் தேடியதுதான். இருந்தது. போன வருஷம் வாங்கியது, மூடியில் முத்திரைகூட உடையவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதே அப்பா படியிறங்கி வந்து, "என்ன அனிக், விடியறதுக்குள்ள என்ன தேடுறே" என்றார். "துணிக் கிளிப்பு" என்றேன். வெளியே மூன்று டிகிரி. இந்தக் குளிரில் எந்தத் துணியைக் காயப்போடப் போகிறாய் என்று அவர் கேட்கவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். அந்தப் புட்டியைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும், ஆனால் முதலில் ஊர்க்கதை.

வருகிற சனிக்கிழமை நன்றி நாள் விடுமுறை தொடங்குகிறது. நம் தெருவில் அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும், கடவுளுக்கு நன்றி சொல்ல யாருக்கும் நேரமில்லை, எல்லோரும் குளிர்காலத்துக்காக நீச்சல் குளத்தைத் தார்ப்பாய் போட்டு மூடுகிறார்கள். இந்த வருஷம் எந்தப் பாசி மருந்து போடுவது என்று மூன்று வாரமாக நம் வீட்டில் மாநாடு நடக்கிறது. உறுப்பினர்கள் இரண்டே பேர், அப்பாவும் ரெஜான் மாமாவும். நாட்டின் அரசியல் சாசனத்துக்குக்கூட இவ்வளவு பேசியிருக்க மாட்டார்கள். அப்பா தாமிரம் கலந்த மருந்தின் கட்சி. "தாமிரம்னா தாமிரந்தான் மச்சான், கப்பலுக்கு அடியிலயே அதைத்தான் பூசுறான்" என்கிறார். மாமா பெரிய குடத்தில் மலிவாக வருகிற, நுரைக்கிற மருந்தின் கட்சி. "உன் தாமிரத்தாலதான்டா என் பொண்ணு முடி பச்சையாச்சு, பள்ளிக்கூடத்துல அவளை வெள்ளரிக்கான்னு கூப்பிட்டாங்க" என்கிறார். "உன் குளத்துல மே மாசம் பீர் மாதிரி நுரை நிக்குதே, அதைக் கண்ணாடி கிளாஸ்ல ஊத்தி விக்கலாமே" என்று அப்பா பதில் சொல்கிறார். இதெல்லாம் அத்தை சுட்ட ஆப்பிள் பை பலகாரத்தைத் தின்றுகொண்டே. குளத்தில் இந்தக் கோடையில் மொத்தமாக எத்தனை பேர் குளித்தார்கள் என்று கணக்குப் பார்த்தேன். நான் நான்கு தடவை, பக்கத்து வீட்டு நாய் ஒரு தடவை.

இவ்வளவு ஆவேசத்துக்குக் காரணம் போன மே மாதம். நீ வரவில்லை, அதனால் பார்க்கவில்லை. மே மாத விடுமுறையில் எல்லோரும் தார்ப்பாயை எடுப்பதும், ஆண்கள் கையில் பீரோடு வேலிவேலியாக எட்டிப்பார்த்து யார் தண்ணீர் எப்படி என்று தீர்ப்புச் சொல்வதும் வழக்கம்தானே. பதினெட்டு வருஷமாக நம் தண்ணீர்தான் தெருவில் முதல். போன மே மாதம் தார்ப்பாயைச் சுருட்டினால், அரைத்த கீரை மாதிரி இருந்தது. அடி தெரியவில்லை, ஏணியில் இரண்டாவது படியே தெரியவில்லை. மாமா நேரே வீட்டுக்குப் போய், வாத்து வேட்டைக்கு மிதக்கவிடுகிற மர வாத்தைக் கொண்டுவந்து அதில் விட்டார். "இனிமே வேட்டைக்குத் தூரமாப் போக வேணாம் மச்சான், பைஜாமாவோடயே சுடலாம்" என்றார். தெருவே சிரித்தது. அப்பாவும் சிரித்தார், ஆனால் அன்று இரவு சாப்பிடவில்லை. அதற்குப்பின் காரணம் தேடினார். காட்டுத்தீப் புகை, பக்கத்து வீட்டு வில்லோ மரம், நகராட்சித் தண்ணீர், கடைசியில் பருவநிலை மாற்றம். மர வாத்து ஜூன் முடியும்வரை அங்கேயே மிதந்தது, எடுக்க யாருக்கும் மனம் வரவில்லை.

இப்போது அப்பா உன் நிச்சயதார்த்த விருந்தை வருகிற மே விடுமுறையில், அதே குளத்தங்கரையில் வைப்பதாக எல்லோரிடமும் சொல்லிவிட்டார். கிரஹாமின் பெற்றோர் நாட்டின் அந்தக் கோடியிலிருந்து பறந்து வருகிறார்கள். "சம்பந்தி வீட்டுக்காரங்க முன்னாடி அந்த வாத்து மிதந்துச்சுன்னா நான் ஊரை விட்டே போயிடுவேன்" என்று என்னிடம் மட்டும் சொன்னார். வேடிக்கையாகச் சொல்லவில்லை, எலோடி. அதனால் இந்த வருஷம் தாமிர மருந்தை இரண்டு பங்கு ஊற்றப் போகிறாராம். சனிக்கிழமை காலையில் குளோரின், மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அதன் தலைமேலேயே மருந்து, சாயங்காலத்துக்குள் தார்ப்பாய். எப்போதும் போல.

இனி புட்டி. உனக்கு ஐந்து வயதாக இருந்தபோது குளம் கட்டினோம். முதல் இலையுதிர் காலத்தில் நான் மருந்துப் புட்டியின் பின்பக்கத்தைப் படித்தேன். அதற்கு வேதியியல் தெரிய வேண்டியதில்லை, நான் படித்தது வரலாறு. குளோரின் போட்டு நான்கைந்து நாள் கழித்து, அதன் வேகம் அடங்கிய பிறகுதான் மருந்து ஊற்ற வேண்டும், இரண்டையும் ஒரே நாளில் கொட்டினால் ஒன்றையொன்று கெடுத்துவிடும் என்று அதில் எழுதியிருந்தது. அப்பாவிடம் சொன்னேன். "கடைக்காரனே சொல்லல, புட்டி சொல்லுச்சாக்கும்" என்றார். அத்தோடு விட்டுவிட்டேன். குளத்தை மூடி நான்கு நாள் கழித்து, புதன்கிழமை அவர் வேலைக்குப் போனதும், பின்பக்கத்தில் அதே எச்சரிக்கை எழுதிய, தாமிரமும் நுரையும் இல்லாத வேறொரு மருந்தை வாங்கிவந்து, ஏணிப் பக்கம் தார்ப்பாயின் முனையைத் தூக்கி ஊற்றி, வலைக்கம்பால் கலக்கிவிட்டு வந்தேன். அதன்பிறகு ஒவ்வொரு வருஷமும் அப்படித்தான். ஒவ்வொரு மே மாதமும் அப்பா வேலியோரம் நின்று தாமிரத்தின் மகிமையைச் சொல்வார், நான் உள்ளே சாலட் கலப்பேன். போன வருஷம் அந்தப் புதன்கிழமை நான் உன்னோடு ஆஸ்பத்திரியில் இருந்தேன், உன் குடல்வால் அறுவை சிகிச்சைக்காக. புட்டி சோப்புத்தூளுக்குப் பின்னாலேயே இருந்துவிட்டது. மிச்சத்தை மர வாத்து சொல்லும்.

இதை அன்பு என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். ஒரு பாதி அன்புதான். மறு பாதி என்னவென்று இன்று காலை வரை நான் பார்க்கவில்லை. அவர் பெருமையடிக்கும்போது சாலட் கிண்ணத்தின் முன் நின்று எனக்குள் சிரித்துக்கொள்வேனே, அந்தச் சிரிப்பு அன்பில்லை. போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னாய், கிரஹாம் மாட்டுகிற படங்களெல்லாம் சாய்ந்தே இருக்கின்றன, அவன் வெளியே போனதும் நிமிர்த்திவைத்துவிடுவேன், அவனுக்குத் தெரியாது என்று. இரண்டு பேரும் சிரித்தோம். இன்று துணிக் கிளிப்பு என்று என் வாயில் வந்தபோது அது நினைவுக்கு வந்தது. மகளே, சாய்ந்திருந்தால் சாய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடு. முதல் வருஷம் சொன்னால் அரை மணி நேரம் கோபம். பத்தொன்பதாவது வருஷம் சொல்வது எப்படியிருக்கும் என்று எனக்கு இன்னும் தெரியாது.

உடம்பைப் பார்த்துக்கொள், தையல் போட்ட இடத்தில் இன்னும் இழுத்தால் டாக்டரிடம் காட்டு. நீங்கள் இருவரும் மனம் ஒத்து, வாய் விட்டுப் பேசி, நெடுங்காலம் நன்றாக இருக்க வேண்டும். கிரஹாமின் அம்மா நீச்சல் உடை எடுத்துவரட்டுமா என்று கேட்டாராம், வேண்டாம், கம்பளிக் காலுறை கொண்டுவரச் சொல். மே மாதத்தில் இந்தத் தண்ணீரைப் பார்க்கத்தான் முடியும்.

புட்டியைத் திரும்ப ஒளித்துவைக்கவில்லை. சமையலறை மேசையில் உப்புக்கும் மிளகுக்கும் நடுவில் வைத்திருக்கிறேன். அப்பா அதை இரண்டு தடவை நகர்த்திவிட்டு ரொட்டிக்கு வெண்ணெய் தடவினார், என்னவென்று கேட்கவில்லை. சனிக்கிழமை வான்கோழி சாப்பிட்டு முடிந்து எல்லோரும் குளத்தைச் சுற்றி நிற்கும்போது, அதன் பின்பக்கத்தை உரக்கப் படிக்கப் போகிறேன். தார்ப்பாய் புதன்கிழமை வரை காத்திருக்கட்டும், அன்று அப்பா பார்க்க நானே ஊற்றுவேன். இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. உனக்குக்கூட இந்தக் கடிதம் வந்து சேர்வதற்குள் சனிக்கிழமை போயிருக்கும்.

முத்தங்களுடன்,
உன் அம்மா
அனிக்