சரி என்று அழுத்தியவனுக்கு

அண்ணா,

லேப்டாப் மெதுவாக ஓடுகிறது என்றுதான் சொன்னேன். விண்டோஸைத் தூக்கிவிட்டு லினக்ஸ் போடச் சொன்னேனா? "டிஸ்க் முழுவதையும் அழிக்கவா?" என்று அது உன்னைக் கேட்டிருக்கிறது. நீ என்னை ஒரு வார்த்தை கேட்காமல் சரி என்று அழுத்திவிட்டாய். வெள்ளிக்கிழமை கொடுக்கவேண்டிய என் எம்.எஸ்சி. ஆய்வறிக்கை அதில்தான் இருந்தது.

நாலு மணிக்கு ரிப்பேர் கடைக்காரர் வருவார். அவரிடம் கொடு. அதுவரை தொடாதே. புதிதாக எதை இன்ஸ்டால் செய்தாலும் மீட்கக்கூடியதும் போய்விடுமாம். "வீடியோ பாத்தே கத்துக்கிட்டேன்"னு அவரிடம் பீத்திக்கொள்ளாதே.

உனக்குச் சோறு வைக்கவில்லை. நான் நூலகத்தில் இருப்பேன், ஞாபகம் இருப்பதை மறுபடி டைப் அடிக்க.

முட்டை இருக்கிறது. பொரித்துத் தின்.

இன்னொன்று. லேப்டாப்பைத் திறந்ததும் திரையில் என் பெயரும் பக்கத்தில் "எம்.எஸ்சி."யும் வருகிறது. நீதானே போட்டாய்? அறிக்கை கிடைக்கவில்லையென்றால் அதையும் நீயே அழி.