மஞ்சள் இறங்கிய பிறகு

ஐயம்பேட்டை
6.3.2004

அன்புள்ள கிரேஸுக்கு,

நலம் என்று எழுத ஆசைதான். கண் மஞ்சளாகிவிட்டது. என் ஷேர் ஆட்டோவில் ஏறுகிறவர்களே, "இன்னாபா, கண்ணு இப்படி இருக்குது?" என்கிறார்கள். அன்னம்மாள் அக்கா கீழாநெல்லி அரைத்துத் தருகிறாள். வலி இல்லை. அரிப்புதான் தாங்கவில்லை, பேண்ட்டும் இடுப்பில் நிற்பதில்லை. நீ இருந்தால் முதுகையாவது சொறிந்துவிடுவாய்.

உன் கணவன்
கமல்

மஸ்கட்
17.3.2004

அன்புள்ள மாமாவுக்கு,

கீழாநெல்லியை நிறுத்துங்கள். வலியில்லாத காமாலை எனக்குப் பிடிக்கவில்லை. சென்னைக்குப் போய் எண்டோஸ்கோப்பி அல்ட்ராசவுண்ட் எடுங்கள். வாய் வழியாகக் குழாய் விடுவார்கள். அதன் நுனியிலேயே ஸ்கேன் இருக்கும். இரைப்பைக்குப் பின்னால் இருக்கும் கணையமும் பித்தக்குழாயும் கிட்டத்தில் தெரியும். தேவைப்பட்டால் ஊசியால் துளி சதை எடுப்பார்கள். மயக்கம் கொடுப்பதால் பயமில்லை.

இங்கே தினமும் அந்த நேரத்தில் நோயாளியின் தலையைப் பிடித்துக்கொள்வது நான்தான். உங்கள் தலையை யாரோ பிடிக்கப் போகிறார்கள். லீவு கேட்டேன், மாற்று நர்ஸ் வரட்டும் என்கிறார்கள்.

உங்கள்
கிரேஸ்

ஐயம்பேட்டை
9.4.2004

அன்புள்ள கிரேஸுக்கு,

எல்லாம் முடிந்தது. கணையத்தின் தலைப்பக்கம் ஒரு கட்டியாம். ஊசி வைத்து எடுத்தார்கள். பிறகு அடைத்திருந்த பித்தக்குழாய்க்குள் சின்னக் குழாய் ஒன்று வைத்தார்கள். அரிப்பு நின்றுவிட்டது! "மஞ்சள் எறங்கிடுச்சுபா, கர்த்தர் காப்பாத்திட்டாரு" என்று அக்கா தெருவெல்லாம் மிட்டாய் கொடுத்தாள்.

ஆபரேஷன் எப்போது என்றால் டாக்டர், "பார்க்கலாம்" என்கிறார். ரிப்போர்ட் நகலை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். படித்துச் சொல்லு.

கமல்

மஸ்கட்
20.4.2004

அன்புள்ள மாமாவுக்கு,

கண் வெளுத்தது பெரிய சந்தோஷம். ஈஸ்டருக்குக் கறி எடுத்தீர்களா? அக்காவுக்குப் புடவை வாங்கியிருக்கிறேன். வெயிலில் ஆட்டோ ஓட்டாதீர்கள். சமையலறை ஓடு மாற்றியாயிற்றா? எண்ணெய் குறைத்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். லீவுக்கு மறுபடி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

கிரேஸ்

ஐயம்பேட்டை
2.5.2004

அன்புள்ள கிரேஸுக்கு,

ஓடு, புடவை, கறி எல்லாம் கேட்டிருக்கிறாய். ரிப்போர்ட்டைப் பற்றி ஒரு வரி இல்லை. அதிலேயே எனக்கு விளங்கிவிட்டது. போய் டாக்டரிடம் நேராகக் கேட்டேன். புற்றுநோய்தானாம், ரத்தக்குழாயைச் சுற்றிப் பிடித்துவிட்டதாம், வெட்டி எடுக்க முடியாதாம்.

அக்காவிடம் சொல்லவில்லை. நேற்று ஆட்டுக்கால் சூப் வைத்து, "குடிப்பா, உடம்பு தேறணும்ல" என்று எதிரிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஒரு வாய்க்கு மேல் இறங்கவில்லை. அவள் தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே ஊற்றிவிட்டேன்.

உன்னால் செய்யக்கூடியது எதுவும் இல்லை. தெரியும். ஆனாலும் வந்துவிடு கிரேஸ். நர்ஸாக வராதே.

கமல்