கடைசிக் கல்லை விட்ட கங்காணி

அன்புள்ள அப்பா,

இன்றைக்குத் தொலைக்காட்சிப் பெட்டியை நகர்த்தித் தூசி தட்டினேன். பின்னால் உங்கள் தைலப் போத்தல் கிடந்தது, மஸ்கெலியா வைத்தியர் கொடுத்தது. மூடியைத் திறந்ததும், வாதத்தில் விழுந்த உங்கள் வலக்கையை நான் உருவிவிட்ட மாலைகளெல்லாம் வீடு முழுக்கப் பரவிவிட்டன. அடியில் இன்னும் கொஞ்சம் தைலம் இருக்கிறது.

அப்படியொரு மாலையில்தான் அந்த விளையாட்டு நம்மிடம் அகப்பட்டது. கிரிக்கெட் தேடி ரிமோட்டை அமுக்கிக்கொண்டே போனீர்கள். ஐஸ் தரையில் ஒருவர் கைப்பிடி வைத்த கல்லை வழுக்கிவிட, இரண்டு பேர் விளக்குமாறும் கையுமாக அதற்கு முன்னால் ஓடி ஓடிக் கூட்டினார்கள். கர்லிங் என்று திரையில் பெயர் போட்டிருந்தது. மற்றபடி ஒரு மண்ணும் விளங்கவில்லை. இந்தக் கூட்டு கூட்டுகிறார்கள், ஒரு குப்பையும் காணோமே என்று நிஜமாகவே கவலைப்பட்டீர்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். உங்களோடு சிரிப்பதில்லை என்று நான் இருந்த காலம் அது.

நீங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் கங்காணியாக இருந்தபோது நான் உங்கள் மலையில் கொழுந்து எடுத்தேன். ஒருநாள் என் மகனுக்குக் காய்ச்சல். வேலை நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் அவனை எடுக்க மறுத்துவிட்டார்கள். பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு ஓடி வருவதற்குள் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு கலைந்திருந்தது. எல்லாப் பெண்களுக்கும் முன்னால், காரணம்கூடக் கேட்காமல், "நேரம் போயிருச்சு, வீட்டுக்குப் போ" என்றீர்கள். மகளென்று சலுகை காட்டினால் மற்றவர்கள் பேசுவார்களே என்று உங்களுக்குப் பயம். அது புரிந்தும் என் மனசு ஆறவில்லை. அன்றிலிருந்து வீட்டிலும் உங்களைக் கங்காணி என்றே கூப்பிட்டேன். அடுத்த வருஷம் நீங்கள் வாதத்தில் விழுந்தபோதும் மாற்றவில்லை. சோறு போட்டேன், வெந்நீர் வைத்தேன், தைலம் தேய்த்தேன். அப்பா என்று மட்டும் கூப்பிடவில்லை. அழுத்தக்காரி நான், உங்கள் மகள்தானே.

அந்த ஆட்டத்தில், ஐஸில் வரைந்த தூரத்து வட்டத்துக்குள் நின்று ஒருவர் தொண்டை கிழியக் கத்துவார். அதைக் கேட்டுத்தான் மற்றவர்கள் கூட்டுவார்கள். அவர்தான் கங்காணி என்று இருவருமாக முடிவுகட்டினோம். கங்காணிக்குக் கத்துவது மட்டும்தானே வேலை என்று குத்தினேன். அப்படியும் மறுநாள் அதையே வைக்கச் சொன்னீர்கள். கூட்டினால் கல் இன்னும் கொஞ்சம் தூரம் போகிறது என்று மூன்றாம் நாள் கண்டுபிடித்தது நீங்கள்தான். உங்கள் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தைப் பார்த்து எனக்கு வெகுநாள் ஆகியிருந்தது.

பிறகு ஒரு மாலை, நம் கங்காணி வட்டத்தை விட்டு வந்து கடைசிக் கல்லைத் தானே விட்டார். மற்றவர்கள் அவருக்காகக் கூட்டினார்கள். வட்டத்துக்குள் நிற்கவேண்டிய கல் அதைத் தாண்டி எங்கோ போய்விட்டது. கூட்டியவர்கள் வந்து அவர் தோளைத் தட்டினார்கள்.

"ஒருத்தரும் அவர ஏசல, பாத்தியா," என்றீர்கள், திரையைப் பார்த்தபடியே. கோணிய வாயால் ஒவ்வொரு சொல்லாக, "அன்னிக்கு நானும் தப்பு பண்ணிட்டேன் புள்ள. பேரனுக்கு என்னான்னு கேட்டிருக்கணும்," என்றீர்கள்.

உங்கள் கை என் கையில்தான் இருந்தது.

"ஆட்டத்தப் பாருங்க கங்காணி," என்றேன்.

பழகிப்போன வாய். நீங்களும் தலையாட்டிவிட்டு ஆட்டத்தைப் பார்த்தீர்கள். கோபம் அந்த நிமிஷமே போய்விட்டது அப்பா. நாளைக்குக் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு நாலு மாலைகள் கிடைத்தன. நாலிலும் வெட்கப்பட்டுக்கொண்டு தைலம் மட்டும் தேய்த்தேன்.

ஐந்தாம் நாள் காலை தேத்தண்ணி கொண்டுவந்தபோது உங்களுக்கு மூச்சு மெலிந்திருந்தது. அப்பா, அப்பா என்று நான் கூப்பிட்டது லயத்து வீடுகள் முழுக்கக் கேட்டதாம். உங்களுக்குக் கேட்டதா என்றுதான் இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.