ஊர்வலத்துக்குப் பின்னால்

பெரியவனுக்கு,

நீ போனை எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். இருமல் நின்றதா?

ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் கைகோத்துப் போன உங்கள் ஊர்வலத்துக்குப் பின்னால் தெருவைக் கூட்டிக்கொண்டு வந்தது நான்தான். வானவில் கொடிகளையெல்லாம் அள்ளிவிட்டேன். ஜிகினாதான் துடைப்பத்துக்கு அடங்கவில்லை, இன்னும் என் செருப்பில் மின்னுகிறது.

கூடக் கூட்டியவள், "உங்க பிள்ளைங்க யாராச்சும் இதுல இருக்காங்களாக்கா?" என்று கேட்டுச் சிரித்தாள்.

"எனக்கேதுடி அப்படிப் பிள்ளை?" என்றேன்.

சொல்லி வாய் மூடவில்லை, ஊர்வலத்திலிருந்து திரும்பி எதிரே நீ வந்தாய். நீ விரும்பும் அந்தத் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு, வாய்கொள்ளாச் சிரிப்போடு. நீ அப்படிச் சிரித்துப் பார்த்து எத்தனை வருஷம்! என்னைக் கண்டதும் அவன் கையை உதறிவிட்டாய்.

"இனிமே என் முகத்துலயே முழிக்காத" என்று, நீ அவனைப் பற்றிச் சொன்ன அன்றைக்குக் கத்தியவள் நான்தானே, உன்னை என்ன சொல்ல? அந்தத் தம்பி தன் வெறுங்கையைப் பார்த்துக்கொண்டே நின்றதுதான் கண்ணைவிட்டுப் போகவில்லை.

அடுத்த வருஷமும் அதே தெருவை எனக்கே போடும்படி சூப்பர்வைசரிடம் சொல்லிவைத்திருக்கிறேன். அவன் கையை விடாமல் வா. என்னைப் பார்க்கக் கூச்சமாக இருந்தால் பரவாயில்லை. நான் குனிந்து கூட்டிக்கொண்டே இருப்பேன், நிமிர மாட்டேன்.

உன் அம்மா