ஊறவைத்த பயறும் உளுந்தஞ்சோறும்

மரைன் ஹில், 9-6-1963, ஞாயிறு

ஆறாம் நாள். காலையில் ஊறவைத்த பச்சைப்பயறு ஒரு கிண்ணம், தேங்காய்ச் சில் நான்கு. மதியம் பப்பாளி, வெள்ளரி. இரவு வாழைப்பழம் மூன்று. இழுப்பு இல்லை.

இந்தத் தீவில் இந்தக் குவார்ட்டர்ஸுக்குக் குடிவந்து மூன்று வருடம். அன்றிலிருந்து ராத்திரிச் சாப்பாடு ஆனதும் நெஞ்சுக்குள் விசில் அடிக்கிறது. பகலில் ஆபீசில் ஒரு தொந்தரவும் கிடையாது. சாப்பிட்டதும் வருகிறதென்றால் சாப்பாட்டால்தானே வருகிறது? ஸ்டோர் கிளார்க் பக்தவத்சலம் மெயின்லேண்டிலிருந்து கொண்டுவந்த இயற்கை உணவுப் புத்தகமும் அதைத்தான் சொல்கிறது. அடுப்பில் ஏறிய எதையும் இனித் தொடுவதில்லை.

முத்துமணிக்குக் கோபம். வீட்டு ஆம்பளை சாப்பிடாத அடுப்பைத் தனக்கும் பிள்ளைக்கும் மட்டும் பற்றவைக்க மாட்டாளாம். அரிசியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுப் புஷ்பத்தின் பின்பக்கக் கொட்டகைக்குப் போய்விட்டாள். சமையல், சாப்பாடு எல்லாம் அங்கேதான். அவளும் மகள் இந்திராணியும் தூங்குவதற்குத்தான் வீட்டுக்கு வருகிறார்கள்.

23-6-63

இருபது நாள். மாத்திரைப் புட்டியைத் திறக்கவே இல்லை.

7-7-63

புஷ்பம் வீட்டுப் பக்கமிருந்து உளுந்தஞ்சோற்று வாசனை. கூடவே எள்ளுத்துவையல். முத்துமணியின் கைதான், சந்தேகமில்லை. கருப்பு உளுந்தைத் தோலோடு போட்டு, பூண்டை நசுக்காமல் முழுசாகப் போடுவாள். வேலிக்கு இந்தப்புறம் வெள்ளரிக்காயைக் கையில் வைத்துக்கொண்டு கால்மணி நேரம் நின்றேன்.

உடம்பு வேண்டாம் என்கிற பொருளுக்கு நாக்கு ஏன் இப்படி அலைகிறது? உடம்பு ஒன்று, நாக்கு ஒன்றா? புத்தகத்தில் தேடினேன். பதில் இல்லை.

3-8-63, ஆடிப்பெருக்கு

நல்ல நாளும் அதுவுமாக இன்னொருத்தி அடுப்பில் நிற்க முடியாது என்று முத்துமணி நம் வீட்டு அடுப்பைப் பற்றவைத்துவிட்டாள். தேங்காய்ச்சாதம், எலுமிச்சைச்சாதம். இந்திராணி ஒரு பிடி உருட்டி என் வாய்க்குக் கொண்டுவந்தாள். ஒன்பது வயதுப் பிள்ளை. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் அதைத் தானே தின்றுவிட்டு விளையாடப் போய்விட்டாள். நல்ல நாளில் பற்றிய அடுப்பை இனி விட மாட்டாளாம், சமையல் இங்கேதானாம்.

6-8-63

இழுப்பு வந்துவிட்டது. இரண்டு மாதத்துக்குப் பிறகு. ஒரு பருக்கைகூடத் தொடவில்லையே!

11-8-63

ஐந்து நாளாகத் தினமும் விளக்கு வைக்கும் நேரத்துக்கு வந்துவிடுகிறது. தேங்காயை நிறுத்திப் பார்த்தேன், வந்தது. வாழைப்பழத்தை நிறுத்திப் பார்த்தேன், வந்தது. பக்தவத்சலத்திடம் கேட்டேன். வெந்த சோற்றின் வாசனையே போதுமாம், மூக்கு வழியாக ரத்தத்தில் கலந்துவிடுமாம். முழுக்க நம்பவில்லை. ஆனால் வேறு காரணமும் தெரியவில்லை.

வீட்டுக்குள் சமைக்காதே என்று சொல்லிவிட்டேன். சொன்ன விதம் சரியில்லை. அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"என் கையால ஒரு வாய் சாப்பிட மாட்டேன்னிய. உங்க உடம்புக்காக, சரின்னு இருந்தேன். இப்ப அடுப்பே பத்த வைக்கக் கூடாதுன்னா, இந்த வீட்டுல எனக்கு என்ன வேல?"

அடுத்த மாதம் இருபதாம் தேதிக் கப்பலில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு தூத்துக்குடிக்கே போய்விடுகிறாளாம். அதுவரை அடுப்பு இங்கேதான் எரியுமாம். கப்பல் டிக்கெட்டுக்குப் பாஸ் பாரம் வாங்கி வரச் சொன்னாள். வாங்கி வந்துவிட்டேன். ஏன் வாங்கி வந்தேன்? கேட்டாள், வாங்கி வந்தேன், அவ்வளவுதான். ஒரு புருஷன் செய்கிற காரியமா இது?

அவள் கேட்பதும் நியாயம். எனக்கு மூச்சு வேண்டும் என்பதும் நியாயம். எதை விடுவது?

29-8-63, லாங் ஐலண்ட்

டிப்போவில் மர ஸ்டாக் சரிபார்க்கும் வேலை. மூன்று நாளில் திரும்ப வேண்டியது. கடல் கொந்தளிப்பு, போட் வரவில்லை. கொண்டுவந்த பழமும் பயறும் தீர்ந்துவிட்டன.

1-9-63

பசி தாங்கவில்லை. சாப்பிட்டுவிட்டேன்.

கேம்ப் சமையல்காரர் ராஞ்சிக்காரர். கரையோரம் நான்கு கம்பு நட்டு மேலே ஓலை போட்ட இடத்தில் சமைக்கிறார், சுவரென்று ஒன்றும் இல்லை. பாபு (நான்தான்) தேங்காயை மட்டும் கடித்துக்கொண்டு செத்துப்போனால் யார் பதில் சொல்வது என்று ஹிந்தியில் திட்டிக்கொண்டே தட்டை வைத்தார். சோறு, சூரை மீன் குழம்பு, கடுகெண்ணெய் மணம். ஒரு கையில் மாத்திரையை வைத்துக்கொண்டு மறு கையால் சாப்பிட்டேன். ஒன்றும் ஆகவில்லை. ராத்திரியும் சாப்பிட்டேன். ஒன்றும் ஆகவில்லை.

5-9-63

ஐந்து நாள், பத்து வேளை, எல்லாம் அடுப்பில் வெந்தது. ஒரு விசில் இல்லை.

தலை சுற்றுகிறது. பச்சையாகத் தின்றால் இழுக்கிறது, வேகவைத்ததைத் தின்றால் இழுக்கவில்லை. அப்படியானால் ஜூன், ஜூலையில் எப்படி நின்றது? கடுகெண்ணெய் ஒத்துக்கொள்கிறதா? கடற்காற்றா? அங்கேயும் கடல்தானே இருக்கிறது. இல்லை, முத்துமணியின் சமையல்தான் எனக்கு ஆகவில்லையா? எழுதவே கை கூசுகிறது. கப்பலுக்கு இன்னும் பதினைந்து நாள். இதை அவளிடம் போய்ச் சொன்னால் பதினைந்து நாள்கூட இருக்கமாட்டாள்.

8-9-63, மரைன் ஹில்

மாலை நாலரைக்கு வந்து சேர்ந்தேன். கொட்டும் மழை, ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. வழியில் ஒன்றும் சாப்பிடவில்லை. முத்துமணி துண்டை எடுத்துக் கொடுத்துவிட்டுக் காப்பிக்கு அடுப்பு மூட்டப் போனாள். மர மில்லில் கழித்துப் போடும் கர்ஜன் பலகைத் துண்டுகள்தான் எங்கள் விறகு. காசு கிடையாது, ஆனால் எண்ணெய்ப் பசை உள்ள மரம். மழையில் நனைந்தும் இருந்தது. தண்ணீர் கொதிக்கக்கூட இல்லை, எனக்கு விசில் ஆரம்பித்துவிட்டது.

வயிற்றில் ஒன்றும் இல்லை. அடுப்பில் வெறும் தண்ணீர். பிறகு எதனால்?

வராந்தாவுக்குப் போனேன். கொஞ்ச நேரத்தில் தணிந்தது. உள்ளே வந்தேன், இழுத்தது. மறுபடி வெளியே. தணிந்தது. மூன்று முறை இப்படிப் போய்வந்தேன். இந்திராணி சிரித்தாள். மூன்றாவது முறை வாசலில் நின்று உள்ளே பார்த்தேன். தகரக் கூரையிலிருந்து பாதிச் சுவர் வரைக்கும் புகை. அதற்குள் முத்துமணியின் தலை தெரியவில்லை. இடுப்புக்குக் கீழேதான் தெரிந்தது.

புகை! பயறும் இல்லை, சோறும் இல்லை. புஷ்பத்தின் கொட்டகையில் அவள் சமைத்த இரண்டு மாதமும் எனக்கு நன்றாக இருந்தது. நான் தின்ற வெள்ளரிக்காயால் அல்ல. முப்பத்தெட்டு வயது, பதினாறு வருட சர்வீஸ், இது தெரியவில்லை எனக்கு.

நிம்மதியில் சிரிப்பு வந்தது. அதே நேரத்தில் உள்ளே அவள் இருமினாள். நிற்காமல், சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினாள். நான் ஒரு மணி நேரம் வந்து உட்காரும் புகை. அவள் மூன்று வேளையும் அதிலேயே நிற்கிறாள்.

எத்தனை நாளாக இருமல் என்று கேட்டேன்.

"இங்க வந்த வருஷத்துல இருந்து."

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றேன்.

"உங்க நோட்டுல இருக்கும், பாருங்க. எல்லாத்தையும்தான் எழுதுதியளே."

கேலியாகச் சொல்லவில்லை. இருக்கும் என்றே நினைத்திருக்கிறாள். உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து புரட்டினேன். தேங்காய்ச் சில் எத்தனை என்று இருக்கிறது. அவள் இருமல் எங்கேயும் இல்லை. வெட்கமாக இருக்கிறது.

12-9-63

கவர்ன்மெண்ட் ஆஸ்பத்திரியில் டாக்டர் அவள் நெஞ்சை வெகுநேரம் வைத்துக் கேட்டார். மருந்து கொடுத்திருக்கிறார். மூன்று வருடப் புகை மூன்று நாளில் இறங்காது என்றும், எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்க்கலாம் என்றும் சொன்னார்.

15-9-63

பழைய தகரம் நான்கு, புஷ்பம் வீட்டுக்காரர் கொடுத்த கழிகள். வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டாயிற்று. ஒரு பக்கம் ஒழுகுகிறது. எனக்கு ஆணி அடிக்கத் தெரியவில்லை என்கிறாள் முத்துமணி. பாஸ் பாரம் அலமாரியில் அப்படியே இருக்கிறது. நான் கேட்கவில்லை.

20-9-63

காலை ஆறு மணிக்கு ஹார்பரிலிருந்து கப்பல் ஹாரன் கேட்டது. கொட்டகையில் உளுந்து களைந்துகொண்டிருந்த முத்துமணி தலை நிமிரவில்லை. ஒழுகுகிற பக்கத்தை இன்றைக்காவது அடைக்கச் சொன்னாள்.

காலையில் ஊறவைத்த பயறு. பழகிவிட்டது, விட மனமில்லை. கடுகு தாளித்தால் இன்னும் நன்றாக இருக்கும் என்று அவள் சொல்ல, வேண்டாம் என்று நான் சொல்ல, கடைசியில் பாதிக்கு மட்டும் தாளித்தாள். தாளித்த பாதிதான் முதலில் தீர்ந்தது. மதியம் உளுந்தஞ்சோறு, இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன். எது உடம்புக்கு நல்லது என்று இன்னும் எனக்குத் தெரியாது.

எனக்கு இழுப்பு இல்லை.

முத்துமணிக்கு இருமல்: காலையில் நான்கு முறை, மாலையில் இரண்டு. இதற்கு முந்திய மூன்று வருடத்துக்கு என்னிடம் குறிப்பு இல்லை.