ஒரே டேக்கில் சொன்ன வசனம்

பீருமேடு, செவ்வாய்

அன்புள்ள அச்சாயனுக்கு, கர்த்தர் துணை. முழங்கால் வலி தேவலையா?

நம் பேத்தி அன்சுவின் படத்தில் நேற்று நடித்துவிட்டேன். பழைய கிரேக்க நாடகத்தை நம்மூர் மலையாளக் கதையாக்கி எடுக்கிறாள். செத்துப்போன அண்ணனை அடக்கம் செய்யக் கிளம்பும் பெண்ணை நான் வாசலில் மறிக்க வேண்டும்.

"அடக்கத்துக்குப் போனா, திரும்பி இந்தப் படி ஏறாதே!" என்றேன். ஒரே டேக்.

"அஞ்சாங்கிளாஸ் படிச்ச அம்மச்சி, இந்த நடிப்பை எங்கே ஒளிச்சு வெச்சிருந்தே?" என்று கட்டிக்கொண்டாள் அன்சு.

உங்களுக்குத் தெரியும். உங்கள் தம்பி வர்க்கியின் அடக்கத்தன்று, அவனுக்குக் கடைசி முத்தம் கொடுக்கக் கிளம்பிய உங்களிடம் நான் சொன்னது அது. நீங்களும் போகாமல் உட்கார்ந்துவிட்டீர்கள்.

அலமாரியில் மெழுகுவர்த்தி இருக்கிறது. ஞாயிறு குர்பானைப் பூசை முடிந்ததும் வர்க்கியின் கல்லறைக்கு இரண்டு எடுத்துப் போங்கள். மனமிருந்தால் ஒன்றை என் பெயரில் ஏற்றுங்கள். இல்லையென்றால் திருப்பிக் கொண்டுவந்துவிடுங்கள்.

படப்பிடிப்பு ஜீப் வந்துவிட்டது.

உங்கள் ஏலி