சூளைச் சுவரில் பதிந்த என் கணவரின் கையை மீட்டுத் தரக் கோரும் மனு

அனுப்புநர்:
து. ஜானகியம்மாள்,
எளாவூர், பொன்னேரி வட்டம்.

பெறுநர்:
உயர்திரு தாசில்தார் அவர்கள்,
பொன்னேரி.

பொருள்: ஆரம்பாக்கம் செங்கல் சூளைச் சுவரிலிருந்து ஒரு கல்லைப் பெயர்த்துத் தரக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் துளசிராமன் (மனு என்பதால் பெயரை எழுதுகிறேன்) கொத்தடிமை முறையை எதிர்த்தே வாழ்ந்தவர். தகப்பனார் நிலத்துப் படியாட்களை விடுவித்ததால் வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டார். தேர்தலில் நின்று தோற்றார். சூளை அடியாட்கள் தாக்கியதில் வலது கையில் இரண்டு விரல்கள் போயின. வீட்டில் தங்கிய நாள் குறைவு.

2. ஆரம்பாக்கம் தணிகாசலத்தின் சூளையில் முன்பணம் வாங்குபவர் சுடாத பச்சைக் கல்லில் உள்ளங்கையைப் பதிக்க வேண்டும். அதைச் சுட்டுச் சுவரில் வைத்துக் கட்டிவிடுவார்கள். கை அங்கே இருக்கும்வரை ஆள் திரும்பி வந்தே தீருவான் என்பது அவர்கள் நம்பிக்கை. இவ்வாண்டு கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்ததும் என் கணவர் அந்தச் சூளை ஆட்களை வெளியே அழைத்து வந்தார். கல்லாவது பிடிப்பதாவது என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

3. ஆடியில் அவர் காய்ச்சலில் இறந்தார். தணிகாசலம் பூக்கூடையோடு வந்தார். கூடையை மடியில் வைத்து, துண்டுக்கு அடியில் என் கணவரின் வலது கையைப் பிடித்தபடி நெடுநேரம் அழுதார். சாவு வீட்டில் பகை எதற்கென்று விட்டுவிட்டேன், புத்தி கெட்டவள். குளிப்பாட்டும்போது பார்த்தேன்: உள்ளங்கை ரேகையெல்லாம் ஈரக் களிமண். கூடைக்குள் பச்சைக் கல் இருந்திருக்கிறது.

4. இப்போது அந்தச் சுவரில் மூன்று விரல் கை ஒன்று இருக்கிறது. முதலில் வெளியே வந்த முனுசாமி என் வாசலில் நின்று, “ஐயா கையே அங்க மாட்டிக்கினு கீது, நாங்க எம்மாத்திரம்மா?” என்று சொல்லிவிட்டுக் குடும்பத்தோடு சூளைக்கே போய்விட்டான். மற்றவர்களும் மூட்டை கட்டுகிறார்கள்.

5. நேரில் போய்ப் பார்த்தேன். அன்று அறுத்துக் காயவைத்த கல்லிலெல்லாம் மூன்று விரல் தடம். நாய் மிதித்தது என்றார் மேஸ்திரி. நாய்க்குக் கட்டைவிரல் ஏது ஐயா? ஒரு தடத்தில் என் கையை வைத்தேன். முப்பது வருஷம் பிடித்த கை எனக்குத் தெரியாதா?

6. செத்த பிறகாவது வீட்டில் இருப்பார் என்றிருந்தேன். சூளையில் வேலை செய்கிறார்.

ஆகவே, தாங்களே நேரில் வந்து, முனுசாமி முதலானோர் கண்ணெதிரே அக்கல்லைப் பெயர்த்து, சட்டப்படி அவர்களையும் என் கணவரையும் விடுவிக்க வேண்டுகிறேன். சம்மட்டி மட்டும் வேண்டாம் ஐயா. ஏற்கெனவே இரண்டு விரல் போன கை.

இடம்: எளாவூர்
நாள்: 6.9.1976

இப்படிக்கு,
து. ஜானகியம்மாள்